விட்டு விட்டு அணையும் அவுட்போர்டு இஞ்சினுக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர்: வாங்கலாமா?

பழையாறிலிருந்து கோடியக்கரை வரை எந்தக் கரையில் போய் நின்றாலும் படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இஞ்சினைப் பற்றி ஃபைபர் படகுக்காரர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு அணைஞ்சிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தா எடுத்துக்கும்." பட்டறைக்குத் தூக்கிப் போனால் அங்கே மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழுவிக் கொடுப்பார். மறுநாள் முகத்துவாரம் தாண்டியதும் பழைய கதைதான். அடுத்தபடியாகக் கடையில் எடுத்து வைக்கப்படும் பொருள், திருகி மாட்டும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர். இதைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஃபில்டராக இது நல்ல பொருள். இந்தக் குறிப்பிட்ட நோய்க்கு மருந்தா என்றால், சில இஞ்சினுக்கு மருந்து, சில இஞ்சினுக்கு வீண் செலவு, தவறாக மாட்டினால் இல்லாத நோயையும் இதுவே கொண்டுவரும்.

பொருளை முதலில் பார்ப்போம். மேலே அலுமினியத் தலை. அதில் எண்ணெய், அதாவது இஞ்சின் குடிக்கும் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, உள்ளே வர ஒரு வாய், வெளியே போக ஒரு வாய். தலைக்குக் கீழே ஆயில் ஃபில்டர் மாதிரி திருகி மாட்டும் குடுவை. அதற்கும் கீழே உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு. உள்ளே இருக்கும் தாள் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள தூசி வரை பிடிக்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் துளிகள் தாளில் தடைபட்டுக் கிண்ணத்தில் இறங்கி நிற்கும். கிண்ணம் இல்லாத மலிவு வகையும் கிடைக்கிறது. அதை வாங்க வேண்டாம். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவதுதான் இந்தப் பொருளின் முக்கால் பயன்.

அணைந்த விதம்

ஃபில்டருக்குக் காசு எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இஞ்சின் எப்படி அணைகிறது என்பது. எண்ணெய் வராமல் அணையும் இஞ்சின் செத்துச் செத்துப் பிழைக்கும். சத்தம் இறங்கும், ஒரு முறை ஏறும், மறுபடி இறங்கும், கடைசியில் இருமி நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் எண்ணெய் தீர்வதற்கு ஆகும் நேரம் அது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கரண்ட் போனால் அந்த இழுபறி இருக்காது, சுவிட்சைத் தட்டியது போல் பட்டென்று நிற்கும். இரண்டு சிலிண்டரில் ஒன்றுக்கு மட்டும் கரண்ட் போனால் இஞ்சின் நிற்காது. வேகம் பாதியாகும், இஞ்சின் மாட்டியிருக்கும் அமரத்துப் பலகை (படகின் பின்பலகை) முழுக்க அதிரும், பிறகு தானாகவே சரியாகிவிடும். இந்த இரண்டாவது, மூன்றாவது வகைக்கு உலகத்திலேயே உயர்ந்த ஃபில்டரை மாட்டினாலும் பயனில்லை.

சத்தம் இறங்க ஆரம்பித்த அந்த நொடியில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. சோக்கைத் தொடாமல், டேங்கிலிருந்து இஞ்சினுக்கு வரும் எண்ணெய் ஓஸில் இருக்கும் ரப்பர் உருண்டையை, அதாவது பிரைமர் பல்பை, நான்கைந்து முறை அமுக்கிப் பாருங்கள். இஞ்சின் உடனே நிமிர்ந்தால் டேங்கிலிருந்து இஞ்சின் பம்ப் வரை, பம்பையும் சேர்த்து, அந்த வழியில்தான் கோளாறு. எவ்வளவு அமுக்கியும் மாற்றமில்லை என்றால் சந்தேகத்தைக் கரண்ட் பக்கமோ கார்புரேட்டர் பக்கமோ திருப்ப வேண்டும். சோக்கை இழுத்தால் பிளக் இரண்டும் நனைந்து, தடயமே அழிந்துபோகும்.

அமுக்கும்போது உருண்டை எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சப்பையாக உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தால், அதற்கு முன்னால், டேங்க் பக்கம், அடைப்பு. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு மூடியிருக்கலாம், உறிஞ்சுக் குழாயின் வலையில் குப்பை அடைத்திருக்கலாம், ஓஸின் உள்தோல் உரிந்து மடங்கியிருக்கலாம். உருண்டை எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கோ காற்று எடுக்கிறது, அல்லது உருண்டைக்குள் இருக்கும் வால்வு உட்காரவில்லை. இன்னொன்று: அமுக்கும்போது உருண்டையை அம்புக்குறி மேலே பார்க்கும்படி செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். படுக்க வைத்து அமுக்கினால் நல்ல வால்வும் சரியாக மூடாது.

காற்றுத் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. அலை ஏறி இறங்கும்போது உப்புத் தண்ணீர் டேங்குக்குள் போகாமல் இருக்க அதை மூடுகிறார்கள், அது சரிதான். தாண்டியதும் திறக்க மறந்துவிடுகிறார்கள். மூடிய டேங்கில் எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடும். சில நிமிடத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகும். இஞ்சின் அணையும். மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குள் காற்று உள்ளே போய்விடும், இஞ்சின் எடுத்துக்கொள்ளும். "காரணமே தெரியல" என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதுவும் உண்டு. இதற்கு ஃபில்டர் வாங்குவது, கதவைத் தாழ்போட்டுவிட்டு வீட்டுக்கு ஜன்னல் வைப்பது போலத்தான்.

பம்ப் இழுக்கிறது, தள்ளவில்லை

சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் எண்ணெய்ப் பம்புக்குத் தனி மோட்டார் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்த மாறுதல் ஒரு மெல்லிய டயாஃபிராம் தாளை ஆட்டுகிறது, அந்த ஆட்டம்தான் டேங்கிலிருந்து எண்ணெயை இழுக்கிறது. இழுப்பு மிகவும் சொற்பம். முழு வேகத்தில் பம்பின் வாயில் வெற்றிட மானியை வைத்துப் பார்த்தால் பாதரச அளவில் 4 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 100 மில்லிமீட்டருக்கு, மேல் காட்டக் கூடாது. காட்டினால் வழியில் தடை இருக்கிறது என்று பொருள்.

இழுக்கும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் ஓஸைத் தடவித் தடவிப் பார்த்தும் கையில் ஈரம் படுவதில்லை. மெதுவாகப் போகும்போது தேவைப்படும் எண்ணெய் குறைவு, கொஞ்சம் காற்று கலந்தாலும் சமாளித்துவிடும். வலை ஏற்றிக்கொண்டு முழு ரைஸில், அதாவது முழுதாக முடுக்கி, வரும்போது அதே ஓட்டை இஞ்சினை நிறுத்திவிடும். பட்டறை டிரம்மில் ஸ்லோ ஸ்பீடில் ஓட்டிப் பார்த்தால் கோளாறு தெரியாததற்குக் காரணமும் இதுதான்.

இந்த இடத்தில் ஃபில்டரைவிடப் பலமடங்கு உதவும் பொருள் ஒன்று இருக்கிறது: ஹார்டுவேர் கடையில் வெட்டித் தரும் ஒளி ஊடுருவும் பிவிசி டியூப். ஓஸின் உள்விட்டத்துக்குப் பொருந்துவதாக (பெரும்பாலும் 8 மில்லிமீட்டர்) முக்கால் அடித் துண்டு போதும். டாப் கவரைக் கழற்றி, பம்புக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓஸை எடுத்து, நடுவில் இந்தத் துண்டைச் செருகிக் கிளிப் போடுங்கள். படகைக் கரையில் கெட்டியான கட்டையில் கட்டி, பின்னால் தண்ணீரில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கியரில் போட்டு அரை ரைஸுக்கு மேல் ஓட்டுங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. ஒரு நிமிடத்தில் அவை நின்று, டியூப் முழுக்க எண்ணெயாகத் தெரிய வேண்டும். குமிழி கோத்த மாலை மாதிரி தொடர்ந்து ஓடினால் காற்று எடுக்கிறது. குமிழியே இல்லாமல் டியூப் பாதி காலியாக நின்றால் எண்ணெய் வரத்துக் குறைவு, அடைப்பைத் தேடுங்கள். சோதனை முடிந்ததும் துண்டைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலும் வெயிலும் பட்டால் பிவிசி சில வாரங்களில் கட்டையாக இறுகிக் கிளிப்பிடம் விரிசல் விடும், அது நிரந்தரமாக வைக்கும் பொருள் அல்ல.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க, இஞ்சினை நிறுத்திவிட்டு உருண்டையைக் கல் மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். உருண்டைக்குப் பிறகு இருக்கும் மூட்டுகள் எல்லாம் இப்போது அழுத்தத்தில் இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஈரப் புள்ளி தானாகத் தெரியும். முதலில் சந்தேகப்பட வேண்டியது இஞ்சின் பக்கக் கனெக்டருக்குள் இருக்கும் ஓ ரிங். ஒவ்வொரு நாளும் மாட்டிக் கழற்றுவதால் தேய்வது அதுதான், விலையில் மிகச் சின்னதும் அதுதான். டேங்குக்கும் உருண்டைக்கும் நடுவில் இருக்கும் மூட்டுகள் இந்தச் சோதனையில் சிக்காது, அங்கே அழுத்தம் போகாதே. அதற்கு வழி, பக்கத்துப் படகின் டேங்கையும் ஓஸையும் அப்படியே வாங்கி மாட்டி அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பார்ப்பது. கோளாறு போய்விட்டால் இஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். யமஹா கனெக்டர் சுசுகிக்குப் பொருந்தாது, ஒரே கம்பெனி படகாகப் பார்த்துக் கேளுங்கள்.

ஃபில்டர் கொண்டுவரும் புதுக் கோளாறு

இவ்வளவு நேரம் காற்றைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஃபில்டரை மாட்டும்போது இழுக்கும் பக்கத்தில் புதிதாகக் குறைந்தது ஏழெட்டு மூட்டுகள் சேர்கின்றன: இரண்டு ஓஸ் முனை, இரண்டு திருகு முனை, பயன்படுத்தாத வாய்களின் அடைப்பான்கள், குடுவை ரப்பர், கிண்ண ரப்பர், வடிகால் திருகு. இதில் ஒன்று சரியில்லை என்றாலும் எந்த நோய்க்காக ஃபில்டர் வாங்கினோமோ அதே நோய் இப்போது ஃபில்டராலேயே வரும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. தலையில் 'இன்', 'அவுட்' என்றோ அம்புக்குறியாகவோ அடையாளம் இருக்கும். மாற்றி மாட்டினாலும் எண்ணெய் ஓடும், ஆனால் தண்ணீர் பிரியாது. அதனால் தப்பு வெகுநாள் தெரியாமலே இருக்கும். திருகு முனைகளுக்கு வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். தண்ணீர்க் குழாய் வேலைப் பழக்கத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். அதன் நார் பிய்ந்து போய் கார்புரேட்டரின் ஊசி வால்வில் உட்கார்ந்தால், ஒரு நாள் எண்ணெய் வழியும், ஒரு நாள் வராது. பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட்தான் சரி, அதையும் முதல் இரண்டு மரை விட்டுத் தடவ வேண்டும். குடுவையின் ரப்பர் வளையத்தில், பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலை விரலால் பூசி, வளையம் தலையைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும் திருகுங்கள். ஸ்பானர் போட்டு இறுக்கினால் வளையம் பிதுங்கும், அடுத்த முறை கழற்றும்போது குடுவை நசுங்கும்.

ஓஸ் கிளிப்பில் ஸ்க்ரூ வைத்த வகையைச் சின்ன ஓஸில் இறுக்கினால் ஓஸ் முட்டை வடிவமாகி ஓர் ஓரத்தில் சந்து விடும். உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் வளையக் கிளிப் நல்லது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்கும் கிளிப்பில் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸாக, ஸ்க்ரூ சாதா இரும்பாக இருப்பது வழக்கம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு ஸ்க்ரூ ஒரு பருவம் தாங்காது.

உருண்டையை ஃபில்டருக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று இரண்டு கட்சி உண்டு. எங்கள் ஓட்டு முன்னால் வைப்பதற்கே. டேங்க், உருண்டை, ஃபில்டர், இஞ்சின் என்ற வரிசையில் வைத்தால் அமுக்கும்போது ஃபில்டரின் எல்லா மூட்டுகளும் அழுத்தத்துக்கு வரும், ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். புதுக் குடுவை காலியாக இருக்கும். உருண்டை இறுகும் வரை நிறையத் தடவை அமுக்க வேண்டும், பொறுமை வேண்டும். இருக்கும் இடம் டேங்கின் எண்ணெய் மட்டத்தைவிட மிக உயரத்தில் வேண்டாம். அமரத்துப் பலகையின் உள்பக்கம், வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சரியான இடம். வடிகால் திருகில் வலை மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பெட்ரோலா, மண்ணெண்ணெயா

பெட்ரோலில் ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தங்கள் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். கரைந்திருக்கும் தண்ணீரை இந்த ஃபில்டரால் பிரிக்க முடியாது, அது துளியாக இல்லையே. ஒரு எல்லையைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனிப் படலமாக அடியில் இறங்கிவிடும். உறிஞ்சுக் குழாய் இருப்பதும் அடியில்தான். அப்போது ஃபில்டர் கிண்ணம் மளமளவென்று நிறையும், வடிக்க வடிக்க நிறையும். அதற்கு மருந்து டேங்கையே காலி செய்வது. இன்னொரு ஆபத்தும் உண்டு. டூ ஸ்ட்ரோக் ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு இருந்துவிடும், அடியில் போன படலத்தில் ஆயில் இருக்காது. அதை இஞ்சின் குடித்தால் பிஸ்டனுக்கு உயவில்லை.

உங்கள் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று பார்க்க லேப் வேண்டாம். அளவுக்கோடு உள்ள 100 மில்லி குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி ஆயில் கலக்காத பெட்ரோல். மூடிக் குலுக்கி நிற்க வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு சேர்ந்து கீழே வரும். அடிப்படலம் 10-லிருந்து ஏறக்குறைய 28-க்கு உயர்ந்தால் 20 சதவீதம். அப்படியே 10-ல் நின்றால் எத்தனால் இல்லை.

எத்தனால் பழைய ரப்பரையும் விடாது. அடையாளம் இல்லாத மலிவு ஓஸில் உள்தோல் ஊதி உரிந்து, இழுப்பு கூடும்போது மட்டும் வால்வு போல மடங்கி வழியை மூடும். வெளியே பார்த்தால் புது ஓஸ். வளைத்துப் பார்த்து, நுனியை அரை அங்குலம் வெட்டி உள்ளே பாருங்கள். ஃபில்டர் வாங்கும் காசில் முதலில் கம்பெனி ஓஸும் உருண்டையும் சேர்ந்த செட்டை வாங்குவது பல படகுகளுக்கு நல்ல முடிவு.

மண்ணெண்ணெய் ஓட்டும் இஞ்சினுக்கு இந்த ஃபில்டர் அருமையாக வேலை செய்கிறது. அதில் எத்தனால் இல்லை, வந்த தண்ணீர் கரையாமல் தனியே நிற்கும், கிண்ணத்தில் இறங்கும். டிரம்மின் துரு, கேன் அடியில் நிற்கும் சேறு எல்லாம் தாளில் பிடிபடும். ஆனால் மண்ணெண்ணெய் இஞ்சினுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு, அதை ஃபில்டர் தொடாது. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மூன்று வழிக் காக் (திருப்பும் அடைப்பான்) தேய்ந்திருந்தால், மூடியதாக நாம் நினைக்கும் பெட்ரோல் பக்கம் முழுக்க மூடியிருக்காது. சின்னப் பெட்ரோல் கேன் காலியானதும் அந்த வழியாகக் காற்றை இழுக்கும். அடையாளம் எளிது: பெட்ரோல் கேனில் எண்ணெய் இருக்கும் வரை ஒழுங்காக ஓடும், தீர்ந்ததும் மண்ணெண்ணெயில் திணறும். பெட்ரோல் ஓஸை மடக்கி இறுகக் கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் காக்கை மாற்றுங்கள். சூடேறுவதற்கு முன்பே அவசரமாக மாற்றினால் பிளக் கரி பிடித்து மிஸ்ஸிங் அடிப்பது தனிக் கதை, அது காக்கின் குற்றம் அல்ல.

கரண்ட் பக்கத்துக்கு ஒரு நியான் டெஸ்டர்

ஃபில்டரோடு ஒப்பிட இன்னொரு பொருள்: பிளக்குக்கும் கேப்புக்கும் நடுவில் செருகும் நியான் ஸ்பார்க் டெஸ்டர். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல் காட்டும். கரண்டின் பலத்தை இது சொல்லாது. அதற்கு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் டெஸ்டர் வேண்டும், சிடிஐ (மின்னணு முறையில் பொறி கொடுக்கும்) இஞ்சினில் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டும். ஆனால் விட்டு விட்டு வரும் கோளாறுக்கு நியான் டெஸ்டர்தான் சாட்சி. இரண்டு சிலிண்டருக்கும் இரண்டு வாங்கி மாட்டுங்கள். இஞ்சின் அணையும் நொடியில் பாருங்கள்: விளக்கு முதலில் போய், பிறகு இஞ்சின் நின்றால் கரண்ட் கோளாறு. இஞ்சின் தளர்ந்து சுற்றும்போதும் கடைசி வரை மின்னிக்கொண்டிருந்தால் எண்ணெய்க் கோளாறு. வெயிலில் விளக்கு தெரியாது, சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டி ஒரு சின்ன ஜன்னல் மட்டும் விடுங்கள். குறை என்றால், மலிவு டெஸ்டரின் கவ்வி தளர்வானது, அதிர்வில் அதுவே மிஸ்ஸிங் உண்டாக்கும். சோதனை முடிந்தால் கழற்றிவிடுங்கள். பிளக் தலையில் திருகி எடுக்கும் நட் இருக்கிறதா, உங்கள் கேப் அதைக் கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் என்று உறுதியானால் முதல் சந்தேகம் காயில் மீது அல்ல, ஸ்டாப் சுவிட்ச் மீது. சிடிஐ இஞ்சினில் ஸ்டாப் சுவிட்ச் கரண்டை வெட்டுவதில்லை, எர்த்தோடு சேர்த்துவிடுகிறது. சுவிட்சுக்குள் உப்புப் படிந்து ஈரமானால் அதுவே மெல்லிய எர்த் ஆகும். காலைப் பனியில் மிஸ்ஸிங், வெயில் ஏறியதும் சரி, அலை தெறித்ததும் மறுபடி மிஸ்ஸிங் என்ற வரிசை இதைத்தான் காட்டுகிறது. கரையில் படகைக் கட்டிவைத்து, ஸ்டாப் வயரின் கனெக்டரைப் பிரித்து நுனியில் டேப் சுற்றி ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் சுவிட்சை மாற்றலாம். இந்த நிலையில் சுவிட்சால் இஞ்சின் நிற்காது, சோக்கை இழுத்தோ எண்ணெய் ஓஸைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கைக்கயிறு பாதுகாப்பும் இருக்காது என்பதால் இப்படிக் கடலுக்குப் போகவே கூடாது.

அடுத்தது பிளக் கேப். திருகிக் கழற்றும் வகையாக இருந்தால் கழற்றி, வயர் நுனியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 5 மில்லிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் மறுபடி திருகினால் போதும், வயர் நீளம் இடம் கொடுக்க வேண்டும். பிறகு காயிலின் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போடுங்கள். சூடானால் அணைந்து ஆறினால் எடுக்கும் காயிலை மல்டிமீட்டர் பெரும்பாலும் நல்லது என்றே சொல்லும், குளிர்ந்த நிலையில் அது நல்லதுதானே. அளவை இஞ்சின் சூட்டோடு எடுக்க வேண்டும், அல்லது நல்ல காயிலை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பிளக் வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள்: என்ஜிகே பி7எச்எஸ்-10 என்பதில் கடைசி 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. 10 இல்லாத பி7எச்எஸ் வேறு இடைவெளி. இஞ்சின் கேட்பதையே போடுங்கள்.

கோளாறு போலத் தோன்றுபவை இரண்டு. இஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு போகவில்லை என்றால் விசிறியின் (தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரின்) உள்ரப்பர் நழுவுகிறது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து கோடு உடைந்திருக்கிறதா பாருங்கள். முத்துப்பேட்டை காயலில் ஜாம்பவானோடைப் பக்கம் சேற்றுத் தண்ணீரில் ஓட்டுபவர்களுக்குச் சூடு ஏறி இஞ்சின் தளர்வது உண்டு. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் அந்த ஓட்டையில் தங்கூசி (நைலான் நரம்பு) துண்டை விட்டுக் குத்துங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

யார் வாங்கலாம்

25 குதிரைத் திறனுக்கு மேல், டேங்க் படகோடு பொருத்தப்பட்டது, அல்லது டிரம்மில் சேமித்த மண்ணெண்ணெயில் ஓடுவது என்றால் தயங்காமல் வாங்கலாம். 100 மணி நேரத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை குடுவையை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குடுவையின் மரை அளவு எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. மாற்றுக் குடுவை நாகையிலோ காரைக்காலிலோ கையில் கிடைக்கும் வகையாகப் பார்த்துத்தான் தலையையே வாங்க வேண்டும். கிண்ணம் சில மாதத்தில் மங்கி மயிர்க்கோடு விழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் எத்தனால் தாங்காதது, மாற்றிவிடுங்கள்.

9.9 குதிரைத் திறன், தூக்கி எடுத்துப் போகும் 24 லிட்டர் டேங்க் என்றால் இந்த ஃபில்டர் அவசியமில்லை. ஒவ்வொரு நாளும் டேங்கைக் கழற்றி மாட்டும் படகில் கூடுதல் மூட்டுகள் தொல்லைதான். ஊற்றும்போதே தண்ணீரையும் குப்பையையும் நிறுத்தும் வலைப் புனல் ஒன்று போதும், அதன் அடியில் நிற்கும் மிச்சத்தை டேங்கில் கவிழ்க்காமல் தனியே கொட்ட வேண்டும். கரைந்த தண்ணீர் அதிலும் தப்பும். விசைப்படகுகள் தடைக்காலத்தில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளும் ஃபைபர் படகுகளுக்கு ஓய்வில்லை, டேங்கில் எண்ணெய் தேங்காது. கோளாறு கூடுவது ஐப்பசி, கார்த்திகை மழையில், பாதி டேங்கோடு படகு நாள்கணக்கில் கரையில் கிடக்கும்போது. அந்த நாட்களில் டேங்கை நிறைத்தோ, முழுக்க வடித்தோ வைக்க வேண்டும், பாதியாக வைக்கக் கூடாது.

வாங்கி மாட்டியவர்கள் முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லாக் கிளிப்பையும் ஒரு முறை சரிபாருங்கள், பிறகு வாரம் ஒரு முறை கிண்ணத்தை வடியுங்கள். வடித்ததை ஆற்றில் ஊற்றாமல் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மூடி, நிழலில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் கோடு தெரிகிறதா, தெரிந்தால் எத்தனை விரற்கடை என்று பார்த்து, பாட்டிலின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். வாரா வாரம் கோடு அதே உயரத்தில் நின்றால் டேங்குக்குள் தண்ணீர் வரும் வழி இன்னும் திறந்திருக்கிறது.